வெள்ளிக்கிழமைத் தலைவலி

வேலை முடிந்து செங்கமலம் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அவ்வளவு வெங்காய வாடை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், குன்னம் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் அவள் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கிறாள். மூட்டையைக் கொட்டி, காய்ந்த தாளை அறுத்து, அழுகலை ஒதுக்கி, பெரிது சிறிதாகப் பிரித்துப் போட வேண்டும். காலையில் தரையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பு வலிக்கும், முழங்கால் வலிக்கும். கண் எரிச்சல் பழகிவிட்டது.

“வெங்காயத்துகிட்டயே எல்லாத்தையும் அழுது முடிச்சிட்டேன். மத்ததுக்கு அழ கண்ணுல தண்ணி இல்ல” என்று கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு அடுத்த மூட்டை வரும். 

கணவன் அங்கமுத்து அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறான். ஷிப்டு மாறி மாறி வரும். வீட்டில் இருக்கிற நேரத்தில் பெரும்பாலும் தூங்குவான். ஒரே மகள் பானுப்ரியா. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வீட்டில் எல்லாத் திட்டமும் அவளை வைத்துத்தான்: அவள் பத்தை முடிக்க வேண்டும், பன்னிரண்டை முடிக்க வேண்டும், பிறகு நர்சிங் சேர வேண்டும். வெங்காயக் கிடங்குப் பக்கம் அவள் வரவே கூடாது.

தலைவலி தொடங்கியது எட்டாம் வகுப்பில், அவள் பெரியவளான சில மாதங்களில். முதலில் வெயில் என்று நினைத்தார்கள். அப்புறம் மழைக்காலத்திலும் வந்தது. ஒரு கண்ணுக்குப் பின்னாலிருந்து ஆரம்பிக்கும். நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, மிக்ஸி சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. வாந்தி எடுப்பாள். தூங்கி எழுந்தால் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பாள்.

செங்கமலம் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள், கண்ணாடி போட்டாயிற்று. நீர்க்கோவை என்றார்கள், சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டாள், தலைக்குக் குளிப்பதை நிறுத்திப் பார்த்தாள். பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். முதலில் ஒன்றுக்குக் கேட்ட வலி, பிறகு இரண்டுக்கும் கேட்கவில்லை. கடைசியில் திருச்சிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னார்.

அன்றைக்கு அந்தச் சொல் செங்கமலத்துக்கு வரம் போல இருந்தது. கட்டி கிட்டி என்று ஏதாவது இருந்துவிடுமோ என்று பல ராத்திரிகள் பயந்தவள். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அதே சொல் வேறு மாதிரி ஆகிவிட்டது. “அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன படுத்துக்கிட்டு கெடக்குறா?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் வலி எப்படி வரும் என்று அவளுக்கே புரியவில்லை. டாக்டருக்குத் தெரியாத ஒன்று என்றால் அதற்குப் போக வேண்டிய இடம் வேறு.

குலதெய்வம் பச்சாயி. ஜெயங்கொண்டத்தைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் கோயில். பானுப்ரியா பத்தாம் வகுப்பு சேர்ந்த அந்த ஆடி மாதம் செங்கமலம் அங்கே போய், மகளைப் பக்கத்தில் நிறுத்தி, வேண்டிக்கொண்டாள். “இந்தத் தலவலி நிக்கிற வரைக்கும் எம்பொண்ணு வெள்ளிக்கெழமைக்கி ஒருசந்தி இருப்பா தாயி.” வெள்ளிக்கிழமை பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஒரு வேளை சாப்பிடுவதுதான் ஒருசந்தி. அவள் ஊரில் பாதிப் பெண்கள் ஏதாவது ஒரு கிழமையில் இருப்பதுதான்.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமை தலைவலி வரவில்லை. செங்கமலம் கிடங்கில் எல்லோரிடமும் சொன்னாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு அனேகமாக எல்லா வெள்ளிக்கிழமையும் போன் வந்தது.

“ஆயி சோதிக்கிறா. விட்டுடாத” என்றாள் பக்கத்தில் தாள் அறுத்துக்கொண்டிருந்த பொன்னாயி.

“நானா விடுறேன்? அதுதான் விட மாட்டேங்குது” என்றாள் செங்கமலம்.

பள்ளியில் இதற்கு வேறு கணக்கு வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வாரத் தேர்வு. வகுப்பாசிரியர் அறிவரசன் கணக்கு வாத்தியார். கெட்டவர் இல்லை. மெலிந்து, தொண்டை கட்டி, ஐம்பது பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைக்க வேண்டிய கவலையில் இருப்பவர். செங்கமலத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். 

“நீங்களே யோசிச்சுப் பாருங்கம்மா. திங்கக்கெழம வராத தலவலி, செவ்வாக்கெழம வராத தலவலி, டெஸ்ட் அன்னிக்கி மட்டும் கரெக்டா எப்படி வருது?”

“வாந்தி எடுக்குறா சார். வாந்தியும் நடிப்பா எடுக்க முடியுமா?”

“பயத்துலயும் வாந்தி வரும். நான் நடிக்கிறான்னு சொல்லல. ஆனா இப்படியே போனா பப்ளிக் எக்ஸாம எப்படி எழுதுவா? வர முடியாதுன்னா சொல்லிடுங்க. அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்.”

தனியாக எழுதுவது என்றால் என்ன என்று செங்கமலத்துக்குத் தெரியும். கிடங்கில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தாள் அறுக்கும் இரண்டு பெண்கள் தனியாக எழுதுவதாகச் சொல்லிப் பள்ளியை விட்டு நின்றவர்கள். 

வெளியே வராண்டாவில் பானுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “ஏ வெள்ளிக்கெழம, ஒங்கம்மா வந்திருக்கு பாரு” என்றது. யாரோ சிரித்தார்கள்.

“வெள்ளிக்கெழமன்னா கூப்புடுறாளுவ?” என்று செங்கமலம் கேட்டாள்.

“வுடும்மா. பேர் நல்லாத்தான் இருக்கு” என்றாள் மகள்.

அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது அங்கமுத்து. கூட வண்டி ஓட்டுகிறவனின் பையனுக்கும் இதே மாதிரி இருந்து, அங்கே காட்டிச் சரியாகிவருகிறது என்று கேட்டிருந்தான். செங்கமலம் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு மகளைக் கூட்டிப் போனாள். டாக்டர் வெகுநேரம் கேள்வி கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், ஸ்கேன் படத்தையும் பார்த்தார். இது ஒற்றைத் தலைவலி, ஆங்கிலத்தில் மைக்ரேன் என்பார்கள், பிள்ளைகளுக்கும் வரும், மூளையில் கட்டி இல்லை, பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை என்றார். 

“படத்துல ஒண்ணுமில்லைன்னாங்களே சார்?”

“படத்துல தெரியாதும்மா. ஆனா வலி நெசம்.”

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வெளியே ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மற்றதையெல்லாம் விளக்கியது நர்ஸ் ஜெகதாம்பாள். குழந்தைகள் பிரிவில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்காமலே பேசுவார்; ஒரு கை எழுதிக்கொண்டிருக்கும். வலி ஆரம்பித்த உடனே மாத்திரை, நேரம் கழித்துப் போட்டால் வேலை செய்யாது. வெறும் வயிற்றில் போடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது, போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பெட்டிக்கடை மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வலி வந்தால் இருட்டில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு எழுந்து வகுப்புக்குப் போக வேண்டும், வீட்டில் உட்கார வைக்கக் கூடாது. திடீரென்று கை கால் இழுத்தாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, முன்னெப்போதும் வராத மாதிரி வலி வந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும்.

“சாப்பாடு? நேரத்துக்குச் சாப்புடுறாளா? எந்த வேளையும் விடுறதில்லையே?”

“ஒரு வேளகூட விட மாட்டாளுங்க” என்றாள் செங்கமலம். 

அவள் பொய் சொல்லவில்லை. கேள்வி பட்டினியைப் பற்றியது. அவள் மகள் பட்டினி கிடந்ததே இல்லை. ஒருசந்தி சாமி காரியம், அதை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்டது. மற்ற நாட்களில் வலி குறைந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் குறையவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தற்செயலாக அது வெள்ளிக்கிழமையாக இருந்தது. வரிசை நீளம். வெயில் ஏற ஏற பானுப்ரியா தாவணியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்தது. ஜெகதாம்பாள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“எப்ப ஆரம்பிச்சுது?”

“பஸ்ஸுலயே.”

“மாத்திர போட்டியா?”

“இல்லைங்க.”

“ஏன்? கைல இல்லையா?”

பானுப்ரியா அம்மாவைப் பார்த்தாள். செங்கமலம் பையை இறுக்கிக்கொண்டாள்.

“காலையில என்ன சாப்புட்ட?”

“ஒருசந்தி” என்று முனகினாள் பெண்.

ஜெகதாம்பாள் கையிலிருந்த பேனாவை மூடினார். “எத்தன வாரமா?”

“ஆடியிலேர்ந்து.”

“போன தடவ கேட்டேனேம்மா, ஒரு வேள விடாம சாப்புடுறாளான்னு.”

“சாப்புடுறாளே. இது சாமிக்குங்க. தலவலி நிக்கணும்னுதான் இருக்கா.”

வரிசையில் இருந்த ஒரு பெண், “நல்ல காரியந்தான” என்றாள். ஜெகதாம்பாள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் செங்கமலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“நானும் சனிக்கெழம ஒருசந்திதான். எனக்கு ஒண்ணும் ஆவாது. என் ஒடம்பு அப்புடி. இவ ஒடம்பு வேற. வயிறு காஞ்சா இவளுக்கு மண்ட இடிக்கும். பசி ஒரு காரணம், தூக்கம் ஒரு காரணம், வெயில் ஒரு காரணம். தலவலி நிக்கணும்னு வயித்தக் காயப்போடுறீங்க. வயிறு காஞ்சதுனால தலவலி வருது. தலவலி நிக்கலன்னு மறுபடி காயப்போடுறீங்க. இது எப்பம்மா முடியும்?”

ஆடியிலிருந்து அன்று வரை வந்த வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாகச் செங்கமலத்துக்கு ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றிலும் காலையில் மகள் பசிக்கிறது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இவள், “சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க, ஆயி பாக்குறா” என்று சொல்லியிருக்கிறாள்.

“சாமிய விடச் சொல்லல. வேற ஏதாச்சும் செய்யுங்க. நடந்து போங்க, வெளக்குப் போடுங்க. சோத்துல மட்டும் கை வைக்காதீங்க” என்று எழுந்து போனார் ஜெகதாம்பாள்.

வேண்டுதலை அப்படி நினைத்தபடி மாற்ற முடியாது. சாமியிடம் கேட்க வேண்டும். செங்கமலத்தின் அண்ணன் ஒருவர் முடி இறக்குவதாக வேண்டி, காலம் கடத்தி, மாடி ஏறும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் அன்று குடித்திருந்தார் என்பதும் தெரியும், ஆனால் அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எனவே அடுத்த வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். பூப் போட்டுப் பார்த்து, மகள் இருக்கும் ஒருசந்தியைத் தாய் எடுத்துக்கொள்ளலாமா என்று உத்தரவு கேட்பது. உத்தரவு வரும்வரை பழைய வேண்டுதல் நிற்கிறது. ஆகவே அன்றும் பானுப்ரியா சாப்பிடவில்லை. இன்று ஒரு நாள்தானே என்று செங்கமலம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பூசாரி ராசாங்கம் மற்ற நாட்களில் ஜெயங்கொண்டத்தில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் விபூதி. பாதிப் பூசையில் போன் வந்தால், “ஒரு மணிக்கு மேல வாங்க, இப்ப ஆயிகிட்ட இருக்கேன்” என்று சொல்லி வைப்பார். விஷயத்தைக் கேட்டதும் தலையாட்டினார்.

“பாரம் மாத்தறது. கேக்கலாம். வெள்ள வந்தா சம்மதம். செவப்பு வந்தா இல்ல. ஒரு தடவதான், அப்புறம் மறுபடி போடுங்கன்னு நிக்கக் கூடாது.”

நந்தியாவட்டைப் பூ ஒரு வாழையிலைத் துண்டில், செவ்வரளி இன்னொன்றில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். எடுக்க வேண்டியது பானுப்ரியா. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். செங்கமலம் மூடவில்லை. மகளின் கை வலது பக்கம் போய், நின்று, இடது பக்கம் இருந்ததை எடுத்தது.

ராசாங்கம் பிரித்தார். சிவப்பு.

ஏரிக்கரை ஆலமரத்தில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

“ஆயிக்கு மனசில்ல. புள்ளயே இருக்கட்டும்னு சொல்றா. வைகாசியில வந்து கேளு” என்றார் ராசாங்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, “புள்ள மூஞ்சி நல்லால்லையே. தண்ணி ஏதாச்சும் குடிச்சாளா?” என்று கேட்டார்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் வலி முழுதாக வந்துவிட்டது. சுவரோரம் உட்கார்ந்து பானுப்ரியா வாந்தி எடுத்தாள். வெறும் பித்தம். ஹார்ன் சத்தம் வரும்போதெல்லாம் உடம்பு குறுகியது. “அம்மா, லைட்ட அணையேன்” என்றாள். நடுப்பகல். அணைப்பதற்கு எதுவும் இல்லை. செங்கமலம் முந்தானையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள். வெங்காய வாடைக்கு மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செங்கமலம் முந்தானையை எடுத்துவிட்டு, துணிப்பையால் மறைத்தாள்.

பையில் மாத்திரை இருந்தது. வெறும் வயிற்றில் போடக் கூடாது. சாயங்காலம் விளக்கேற்றும் வரை சாப்பிடக் கூடாது. அதற்கு இன்னும் அரைநாள் இருந்தது. ஆயி இப்போதுதான் சொல்லியிருக்கிறாள், தன் வாயால் இல்லை, மகளின் கையால். 

ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் வந்தது. கண்டக்டர், “அரியலூர் ஏறுறீங்களா இல்லையா? ஏம்மா, ஒங்களத்தான்” என்று கேட்டுவிட்டுப் போனார். செங்கமலம் எழுந்தாள். எதிர்க் கடையில் இரண்டு இட்லி வாங்கினாள். சட்னி வேண்டாம், சர்க்கரை கொஞ்சம் என்றாள்.

மகள் இலையைப் பார்த்தாள். “சாயந்தரம் ஆவலியேம்மா.”

“தின்னு.”

“செவப்புதான வந்துச்சு.”

“பானு. தின்னு.”

பிட்டுப் பிட்டு அவளே ஊட்டினாள். தண்ணீர், மாத்திரை, பிறகு மறுபடி தண்ணீர். மகள் அவள் மடியில் தலை வைத்துச் சிமென்ட் பெஞ்சில் படுத்தாள். செங்கமலம் நேராக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. பயத்தில் பசி தெரியவில்லை. என்ன நடக்கப் போகிறது என்று காத்திருந்தாள். நடந்தது இவ்வளவுதான்: வெகு நேரம் கழித்து மகளின் மூச்சு சீரானது, எச்சில் அவள் சேலையில் வழிந்தது.

அன்று சாயங்காலம் சுரங்கத்திலிருந்து அங்கமுத்து போன் செய்தான். “என்ன பூ வந்துச்சு?”

“வெள்ள” என்றாள் செங்கமலம்.

பக்கத்தில் பாயில் படுத்திருந்த மகள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமையும் மூன்று வேளை சாப்பாடு. ஒருசந்தியைச் செங்கமலம் எடுத்துக்கொண்டாள், உத்தரவு இல்லாமலே. வெறும் வயிற்றோடு தாள் அறுத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அறிவரசனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, ஒருசந்தி கதையையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மத்தியான சாப்பாட்டுக்குப் போறாளா இல்லையான்னு நான் பாத்ததில்லைம்மா” என்றார். வலி வந்தால் நூலக அறையில் அரைமணி படுத்துவிட்டு வந்து தேர்வை எழுதலாம் என்று ஏற்பாடு செய்தார். ஜன்னல் பக்கத்திலிருந்து இடமும் மாற்றிக் கொடுத்தார். 

தலைவலி போய்விடவில்லை. மாதத் தூரம் நெருங்கும்போது வந்தது. வெங்காயம் மலிந்து அம்மா வீட்டுக்கு வாடையை அதிகம் கொண்டுவந்த மாதத்தில் வந்தது. செங்கமலம் வெளியிலேயே குளித்துவிட்டு வீட்டுக்குள் வர ஆரம்பித்தாள். தெருவில் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குக் குழாய் கட்டி இரவெல்லாம் பாட்டுப் போட்ட மறுநாள் வந்தது. ஆனால் வந்தது அடங்கியது. வாரத் தேர்வுகளை எழுதினாள். சிலதில் நல்ல மார்க், சிலதில் சுமார். வகுப்பில் அந்தப் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

செங்கமலம்தான் தேறவில்லை. ஒவ்வொரு தடவை மகள் நெற்றியைத் தொடும்போதும் இது பசியா, வெயிலா, ஆயியா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டிலிருந்து பல்லி விழுந்தால் பயம். அங்கமுத்து இரண்டு முறை போனை எடுக்காவிட்டால் பயம். பொன்னாயியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாத விஷயம் மூட்டை தூக்குவதைவிடக் கனமாக இருந்தது.

மாசியில் அது நடந்தது. சுரங்கத்தில் டிப்பரைப் பின்னால் எடுக்கும்போது மண் விளிம்பு சரிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அங்கமுத்து குதித்தான். வலது முன்கை முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொன்னாயி வாழைப்பழத்தோடு வந்து, “கொலசாமிக்கு ஏதாச்சும் கொற வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“கொற என்ன கொற? போயி உத்தரவெல்லாம் கேட்டாச்சே. வெள்ளப் பூ குடுத்தாளே” என்றான் அங்கமுத்து.

செங்கமலம் டம்ளரைக் கழுவப் போனாள். கழுவியதையே கழுவினாள். பொன்னாயி போன பிறகு அங்கமுத்து, “ஏ புள்ள, வெள்ளதான வந்துச்சு?” என்றான். இப்போது குரல் வேறாக இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். “செவப்புதாம்பா வந்துச்சு. எடுத்தது நானு.”

அங்கமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அன்றைக்கும் மறுநாளும் செங்கமலத்திடம் பேசவில்லை. வேண்டியதை மகளிடம் கேட்டான். செங்கமலம் சோற்றைப் பிசைந்து வைத்தால் இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிட்டான். அவளும் தன் பக்க நியாயத்தைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. களைப்பாக இருந்தது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. பள்ளியில் திருப்புதல் தேர்வு. செங்கமலம் மகளுக்கு இட்லி வைத்தாள். பானுப்ரியா தட்டை நகர்த்தி வைத்தாள்.

“நான் இன்னிக்கி இருக்கேன்மா.”

“என்ன இருக்க?”

“ஒருசந்தி. நான் தின்னதுனாலதான அப்பாவுக்கு இப்புடி ஆச்சி. பரிச்ச முடியிற வரைக்குமாச்சும் இருக்கேன். வலிச்சா வலிக்கட்டும்.”

தின்னு என்று சொல்லும் தைரியம் ஒரு தடவைதான் செங்கமலத்துக்கு வந்தது, அது பஸ் ஸ்டாண்டில் செலவாகிவிட்டது. தட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் அப்படியே உட்கார்ந்தாள்.

கட்டிலிலிருந்து அங்கமுத்துவின் குரல் வந்தது. “தின்னுட்டுப் போ.”

“இல்லப்பா—”

“ரிவர்ஸ் எடுக்குறப்ப கண்ணாடியப் பாக்காதவன் நானு. ஆயியா வந்து ஸ்டேரிங்கப் புடிச்சா?” எழுந்து உட்கார முயன்றான்; மாவுக்கட்டு இடித்தது; முகத்தைச் சுளித்தான். “ஆடியில போறப்ப நான் சொல்லிக்கிறேன் அவகிட்ட. என்ன கேட்டாலும் நான் குடுத்துக்கிறேன். நீ தின்னு. டைமாச்சி.”

பானுப்ரியா தட்டை இழுத்துக்கொண்டாள். முதல் இட்லியை மெதுவாகவும் மற்றதை அவசரமாகவும் தின்றாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, மாத்திரை பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஓடினாள். வாசலில் பஸ் ஹார்ன் அடித்தது.

வீட்டில் இருவர் மட்டும். அங்கமுத்து செங்கமலத்தைப் பார்க்காமல் கேட்டான். “நீ இன்னும் இருக்கியா, வெள்ளிக்கெழம?”

“இருக்கேன்.”

“உத்தரவு குடுக்காததையா?”

“ஆமா.”

அவன் இடது கையால் தன் தட்டை எட்டி எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் எழுந்து அவனுக்கு இட்லி வைத்துவிட்டு, கிடங்குக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினாள்.